இந்த ரோஜாவை எடுத்துவிடலாமா?

கடற்கரைப் பக்கம் தோட்ட வேலை பார்க்கிறவனிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிச் சதுரங்கப்பட்டினம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் உள்ள வீடுகளிலும் விடுதிகளிலும் தோட்டம் பராமரிப்பது என் தொழில். திருப்போரூர் பக்கம் சின்னதாக ஒரு நர்சரியும் வைத்திருக்கிறேன். அரளி வாடினால் யாரும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவதில்லை. காகிதப்பூ பட்டுப்போனால், "வேற ஒண்ணு வெச்சிடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ரோஜாவுக்கு மட்டும் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்து வருவார். செடிக்குப் பக்கத்தில் நின்று, "இது தேறுமா, இல்ல எடுத்துடலாமா?" என்பார்.

பிழைக்க வேண்டிய ரோஜாவைச் சித்திரை, வைகாசியில் அவசரப்பட்டுப் பிடுங்கிவிடுகிறார்கள். போய்விட்ட ரோஜாவை மூன்று நான்கு வருடம் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறார்கள். இத்தனை வருடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இரண்டையும்தான். இரண்டுக்கும் ஒரே காரணம், இலையைப் பார்த்து முடிவெடுப்பது. ரோஜா இருக்கிறதா போய்விட்டதா என்பதை இலை சொல்லாது. ஒட்டுப் போட்ட கணுவும் வேரும்தான் சொல்லும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைத் தாண்டி மேற்கே போனால் செம்மண் கலந்த பூமி. அங்கே ரோஜா வைத்தவர்கள் என்னைக் கூப்பிடுவது கவாத்துக்கு மட்டும்தான். அதே மாவட்டத்தில் கடற்கரைக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். கோடையில் அந்தக் கால்வாயிலும் உப்புத் தண்ணீர்தான். நடுவில் இருக்கிற மணல் பட்டையில்தான் வீடும் தோட்டமும். மணலுக்கு அடியில் கடல் தண்ணீர் இருக்கிறது. அதன்மேல் மழைத் தண்ணீர் எடை குறைவாக இருப்பதால் மிதந்து நிற்கிறது. அந்தக் காலத்தில் ஆழமில்லாத கிணற்றில் இறைத்துக் குளித்தபோது மேல் தண்ணீர் மட்டும்தான் வந்தது, ருசியாகவும் இருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு, மோட்டார். மேலே இருக்கிற நல்ல தண்ணீரை ஓர் அடி இறக்கினால், கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் ஏறக்குறைய நாற்பது அடி மேலே ஏறிவரும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. பத்து வருடத்துக்கு முன் செழித்திருந்த ரோஜாத் தோட்டம் இன்று ஏன் கருகுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். பாலாறு கடலில் சேரும் வாயலூர்ப் பக்கம் ஆற்று மணலில் ஊறும் தண்ணீர் நன்றாக இருக்கிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் ரோஜா அவ்வளவு அடம்பிடிப்பதில்லை.

உப்பு தண்ணீரில் மட்டும் வருவதில்லை, காற்றிலும் வருகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கல்லில் ஏறிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழைச் சுவரில் அப்பிக் காயவிட்டு உரித்தெடுக்கிறார்கள். ஈரக் கூழ் காயக் காய உப்பை இழுத்துக்கொள்ளும். காற்றைத் தடுக்கச் சுற்றிலும் சவுக்கு வைத்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கருங்கல் கோயிலுக்கே இத்தனை பாதுகாப்பு வேண்டியிருக்கும் கரையில், இளந்துளிர் விடும் ஒரு செடியைத் தடுப்பே இல்லாமல் கடலைப் பார்த்து வைக்கிறார்கள். மாடியிலிருந்து பார்த்தால் கடலும் ரோஜாவும் ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் செடிக்கு முன்னால் சவுக்கோ அரளியோ வேலியாக இல்லாவிட்டால் ரோஜா வைக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

ஆகவே, வாடும் ரோஜாவைப் பார்க்கக் கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது செடியை அல்ல, குழாயை. பையில் எப்போதும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருக்கும். செடிக்கு ஊற்றும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை முக்கிப் பார்ப்பேன். 600க்குக் கீழே காட்டினால் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டேன். 1,000ஐத் தாண்டினால் ரோஜா தாங்காது என்று சொல்லிவிடுவேன். 1,500க்கு மேலே என்றால், "செடியப் பத்தி அப்புறம் பேசலாம், மொதல்ல தண்ணிய மாத்துங்க" என்பேன். கடற்கரை வீடுகளில் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. சமையலறை ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ரோஜாவுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. இன்னொன்று, மாடியில் மென்னீர் எந்திரம் வைத்த வீடுகள். துணி வெளுக்கும், சோப்பு நுரைக்கும். ஆனால் அந்த எந்திரம் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. ரோஜாவின் வேருக்கு அது ஆகாது. இந்த இரண்டு குழாயையும் மாற்றியதாலேயே, பிடுங்கச் சொன்ன செடிகள் பல அடுத்த மழையில் பூத்திருக்கின்றன.

தண்ணீர் சரி என்றால் பிறகு செடி. உப்பால் வாடுகிறதா, நோயால் வாடுகிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். உப்பு என்றால் அடி இலைகள் முதலில் ஓரத்திலிருந்து கருகும். மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். நுனிக்கருகல் நோய் வேறு மாதிரி. கவாத்து செய்த முனையிலோ பூப்பறித்த காம்பிலோ கருப்பு தொடங்கிக் குச்சி வழியாகக் கீழே இறங்கும். இலை பச்சையாக இருக்கும்போதே குச்சி கருத்துக்கொண்டு வரும். இறங்கிக்கொண்டே போய் ஒட்டுக்கணுவைத் தொட்டுவிட்டால் அந்த ரோஜாவின் கதை முடிந்தது. அது அங்கே வருவதற்கு முன்னால் வெட்டி நிறுத்துவதுதான் என் வேலை.

வெட்டும்போது குச்சியின் நடுவைப் பார்க்க வேண்டும். வெளித்தோல் பச்சையாக இருந்தாலும் நடுச்சோறு பழுப்பாக இருந்தால் நோய் உள்ளே போய்விட்டது என்று பொருள். விரற்கடை அளவு கீழே இறங்கி மறுபடி வெட்ட வேண்டும். பழுப்பு வெளிறி, பிறகு பால் வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும் வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை வட்டம் தெரிந்ததும் நிறுத்தி, வெட்டு வாயில் போர்டோ பசையைத் தடவுவேன். மயில்துத்தம் நூறு கிராம், சுட்ட சுண்ணாம்பு நூறு கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியிலோ மண் சட்டியிலோ கரைத்துத்தான் கலக்க வேண்டும், இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்த பிறகு ஓர் ஆணியை உள்ளே விட்டு எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. மயில்துத்தம் இப்போதும் நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கிறது. பூஞ்சைக்கு எத்தனையோ மருந்து வந்துவிட்டாலும் வெட்டுக் காயத்துக்கு இதைவிட நம்பிக்கையானதை நான் பார்க்கவில்லை.

கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று பரிந்துரைப் புத்தகங்களில் இருக்கும். உள்பகுதிக்கு அது சரி. கடற்கரையில் அந்த மூன்று மாதமும் வெட்டு வாய் காயவே காயாது. நான் மழை விட்டு மார்கழிக் கடைசியில்தான் கத்தரியை எடுக்கிறேன். அழுகிய குச்சியை நீக்குவதற்கு மட்டும் மாதம் பார்ப்பதில்லை.

நடுச்சோறு எங்குமே வெள்ளையாக இல்லாமல், வெட்டிக்கொண்டே அடித்தூருக்கு வந்துவிட்டால் அடுத்து ஒட்டுக்கணு. நர்சரியில் வாங்கும் பெரிய பூ ரோஜாக்கள் எல்லாம் ஒட்டுச் செடிகள். வேர் காட்டு ரோஜாவுடையது, மேலே இருப்பதுதான் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டும் சேரும் இடம் ஒரு முண்டு மாதிரி இருக்கும். மண்ணைக் கையால் ஒதுக்கி அந்த முண்டை வெளியே கொண்டுவந்து, பல் விளக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பல சமயம் அதன்மேல் செதில் பூச்சி அடையாகப் படிந்திருக்கும், வெள்ளைச் சொறி போலத் தெரியும். தேய்த்து எடுத்துவிட்டு நகத்தால் லேசாகக் கீறினால், உள்ளே ஈரப் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால், மேலே ஓர் இலைகூட இல்லாவிட்டாலும் நான் அந்தச் செடியைப் பிடுங்க விடமாட்டேன். முண்டு சுற்றிலும் காய்ந்து, கீறும்போது மரத்தூள் மாதிரி உதிர்ந்தால் அன்றைக்கே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிடுவேன்.

இதில்தான் ஒரு பெரிய ஏமாற்றம் இருக்கிறது. பட்டிப்புலம் பக்கம் ஒரு வீட்டுக்காரர் சந்தோஷமாகக் கூப்பிட்டார். "போச்சுன்னு நெனச்ச செடி சார், ஒரே மழையில ஆளு உயரம் வந்துடுச்சு. பூதான் இன்னும் வரல. என்ன உரம் போடலாம்?" என்றார். போய்ப் பார்த்தேன். நீண்ட, வளைந்த குச்சிகள். சின்னச் சின்ன இலைகள், ஒரு காம்பில் ஏழும் ஒன்பதுமாக. காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் செதில் ஓரமெல்லாம் முடி முடியாகப் பிரிந்திருந்தது. மண்ணை விலக்கிக் காட்டினேன். அந்த வளர்ச்சி முழுக்க முண்டுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தது. முண்டுக்கு மேலே அவர் வாங்கிய ரோஜா எப்போதோ காய்ந்து நின்றது. அவர் இரண்டு வருடமாக வளர்த்துக்கொண்டிருந்தது காட்டு ரோஜாவை. அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது எத்தனை வருடம் ஆனாலும் அவர் கேட்ட சிவப்பு ரோஜாவைத் தராது. ஒட்டுச் செடியில் கீழிருந்து வரும் கிளையை விரல் நீளம் இருக்கும்போதே, கத்தரியால் வெட்டாமல், கிளம்பும் இடத்தோடு கிழித்து எடுத்துவிட வேண்டும். வெட்டினால் அங்கேயே மறுபடி துளிர்க்கும். இலை எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. நல்ல ரோஜாவிலும் ஏழு இலை வருவதுண்டு. எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

மேலே எல்லாம் சரியாக இருந்தும் செடி வளராமல் முடங்கி நிற்பது இன்னொரு வகை. வருடத்துக்கு நாலு இலை, ஒரு பூ. இதற்குக் காரணம் பெரும்பாலும் வந்த வழியிலேயே இருக்கிறது. இங்கே விற்கும் ரோஜாக்கள் ஓசூர், பெங்களூர்ப் பக்கத்திலிருந்தும், ஆந்திராவில் ராஜமுந்திரிக்கு அருகே உள்ள கடியத்திலிருந்தும் லாரியில் வருகின்றன. கடியத்துச் செடியின் வேரைச் சுற்றிக் களிமண்ணை உருண்டையாகப் பிடித்து வைத்திருப்பார்கள். தூர தேசம் போகும் செடிக்கு அது பாதுகாப்பு. அதை அப்படியே கடற்கரை மணலில் வைத்தால், ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி மணல் வழியாக ஓடிவிடும். உள்ளே போகாது. உருண்டை செங்கல்லாக இறுகும். இப்படி முடங்கிய செடியைத் தோண்டி எடுத்தால், வாங்கி வந்த கவரின் வடிவம் கூடக் கலையாமல் வேர் அப்படியே வரும். ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்த்திருக்காது.

இந்தச் செடியைக் கைவிடக் கூடாது. மழைக்காலத்தில் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, களிமண்ணை விரலால் கரைத்து, பாதி வேரையாவது விடுதலை செய்ய வேண்டும். பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்குக்கு, நீளம் அகலம் ஆழம் எல்லாம் 45 சென்டிமீட்டர் குழி எடுத்து, மணலை அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண்ணும் நன்றாக மக்கிய சாணமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நட வேண்டும். ஒட்டுமுண்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பவர்கள் அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு. வேர் வெள்ளையாக, நுனியில் உயிரோடு இருந்தால் இந்த வேலை வீண்போகாது. வேர் கருத்து, தோல் உருவிக்கொண்டு வந்து, அழுகிய வாடை அடித்தால் நிறுத்திவிடலாம். வேரில் மணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. முடிச்சு கொஞ்சம் என்றால் வேப்பம் புண்ணாக்கோடு ஒரு வருடம் பார்ப்பேன். வேரெல்லாம் முடிச்சு என்றால் அந்தச் செடியும் வேண்டாம், அந்தக் குழியும் வேண்டாம்.

எப்போது முடிவெடுப்பது என்பதுதான் மீதி. அக்கினி நட்சத்திரத்தில் எந்த ரோஜாவையும் எடைபோடக் கூடாது. அந்த வெயிலில் நல்ல செடியும் இலை உதிர்த்துக் குச்சியாகத்தான் நிற்கும். ஊற்றுகிற தண்ணீரில் உப்பும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நிழல் கட்டி, உரத்தை நிறுத்தி, உயிரை மட்டும் காப்பாற்றி வைக்க வேண்டும். வாடிய செடிக்கு உரம் போட்டால் அதுவும் உப்புதான், வேரில் பாரம்தான் ஏறும். நம் மாவட்டத்தில் வருட மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணில் ஏறிய உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். எந்த மருந்தும் செய்யாத வேலை அது. அந்த ஒரு மழையை ஒவ்வொரு செடிக்கும் கொடுத்தே ஆக வேண்டும். மழை விட்டு, தை பிறந்து, மாசிப் பனி குறையும் வரை பார்க்க வேண்டும். அந்தக் காலத்திலும் ஒட்டுமுண்டுக்கு மேலிருந்து தடித்த, சிவந்த அடித்துளிர் ஒன்றாவது கிளம்பவில்லை என்றால், பங்குனியில் நான் அதைத் தோண்டிவிடுவேன். இன்னொரு கோடைக்கு அதை நிற்க வைப்பதில் பயனில்லை. நோயும் பூச்சியும் அதில் தங்கி, பக்கத்துச் செடிக்குத்தான் போகும்.

இந்த விதியை 2022 டிசம்பரில் பலரிடம் வாதாடி நிலைநாட்ட வேண்டியிருந்தது. டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையேறியது. விழுந்த மரங்களை அகற்றிய மறுவாரம் தோட்டங்களைப் பார்த்தால், கடலைப் பார்த்த பக்கத்து இலையெல்லாம் நெருப்பில் வாட்டியது போலிருந்தது. ரோஜாவெல்லாம் போய்விட்டது, மொத்தமாக எடுத்துவிட்டுப் புல் போட்டுவிடுங்கள் என்று ஒரு விடுதியிலிருந்து சொன்னார்கள். நான் மறுத்தேன். காற்றில் வந்த உப்பு இலையை எரித்திருந்தது, ஆனால் அந்தப் புயலோடு வந்த மழையே வேரிலிருந்த உப்பைக் கழுவிவிட்டது. நடுச்சோறு வெள்ளையாக இருந்தது, முண்டு பச்சையாக இருந்தது. நல்ல தண்ணீரில் செடிகளைக் கழுவி, கருகியதை மட்டும் நீக்கிவிட்டுக் காத்திருந்தோம். தை மாதத்தில் துளிர்த்தது, மாசியில் பூத்தது.

2004 டிசம்பர் 26 அப்படி இல்லை. அப்போது நான் தொழிலில் எடுபிடி. சுனாமித் தண்ணீர் ஏறிய தோட்டங்களில் குழிக்குள்ளேயே கடல் நின்றது. நான் பார்த்தவரை தென்னையும் அரளியும் தாக்குப்பிடித்தன. ரோஜாவில் ஒன்றும் மிஞ்சவில்லை. மேலே பச்சை இருந்ததையும் என் முதலாளி தயங்காமல் எடுக்கச் சொன்னார். "வேரு உப்புல ஊறிடுச்சுப்பா. மேல இருக்கிறது ஒரு வாரத்துப் பச்ச" என்றார். அந்த மண்ணில் ஜிப்சம் இட்டோம். அது சோடியத்தை மண்ணிலிருந்து பெயர்த்துவிடும், பெயர்ந்ததைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. அதற்குப் பிறகுதான் அந்த மண்ணில் மறுபடி ரோஜா பற்றி யோசிக்க முடிந்தது. இரண்டு பேரிடரிலும் வந்தது கடல் உப்புதான். இலையில் பட்டதா வேரில் இறங்கியதா என்பதில்தான் முடிவு மாறியது.

ஒட்டுச் செடிக்குச் சொன்ன கெடு பன்னீர் ரோஜாவுக்குப் பொருந்தாது. இங்கே பன்னீர் ரோஜா என்ற பேரில் இருப்பதில் பெரும்பகுதி எட்வர்ட் ரோஜா. குச்சி நட்டே வளர்வது, தன் வேரிலேயே நிற்பது. அது மண் மட்டத்துக்குக் காய்ந்து போனாலும் அடியிலிருந்து வரும் துளிர் அதே ரோஜாதான். அதனால் அதற்கு நான் இரண்டு மழை கொடுப்பேன். அதைவிட முக்கியம், செடியைக் கைவிட்டாலும் ரோஜாவைக் கைவிட வேண்டியதில்லை.

வெண்புருஷத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மதுராந்தகத்தில் அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்த பன்னீர் ரோஜா ஒன்று அவர் வீட்டுக் கிணற்றடியில் இருந்தது. கிணறு உப்பாகி, வேரில் நூற்புழு ஏறி, ஒரே ஒரு குச்சியில் வந்து நின்றது. "எடுக்கணுமா தம்பி?" என்றார்.

"எடுக்கத்தான்மா வேணும். ஆனா இப்ப வேணாம். கார்த்திக வரைக்கும் இருக்கட்டும்."

"அது வரைக்கும் எதுக்கு?"

"அதுகிட்டருந்து குச்சி வாங்கிக்கணும்மா."

கார்த்திகையில் அந்தக் குச்சியிலிருந்து பென்சில் தடிமனில், நாலு கணு இருக்கும்படி துண்டுகள் எடுத்தேன். அடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, வேர்விடும் பொடியில் தொட்டு, அலசிய ஆற்றுமணலும் நார்க்கழிவும் கலந்த கவரில் நட்டு, நிழலில் மூடி வைத்தோம். எல்லாம் பிடிக்கவில்லை. பிடித்தவற்றில் ஒன்று செங்கல்பட்டில் அவருடைய மகள் வீட்டுச் செம்மண்ணுக்குப் போனது. ஒன்று அதே வீட்டில் பெரிய தொட்டியில், மாடியில் பிடித்த மழைத் தண்ணீரில் வளர்கிறது. பழைய செடியை எடுக்கச் சொல்லி அவரே கூப்பிட்டு அனுப்பினார். குடும்பத்து நினைவோடு சேர்ந்த செடி என்றால், அது நன்றாக இருக்கும்போதே குச்சி எடுத்து இன்னோர் ஊரில் ஒரு கன்று வைத்துவிடுங்கள் என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். ஒட்டு ரோஜாவாக இருந்தாலும் மேல் பகுதியிலிருந்து குச்சி எடுத்துப் பார்க்கலாம், எல்லா ரகமும் வேர்விடாது, சில விடும்.

எடுத்த பிறகு அந்தக் குழியில் உடனே இன்னொரு ரோஜா வைக்கக் கூடாது. பழைய ரோஜா நின்ற மண்ணில் புது ரோஜா தேறாது என்பது உலகம் முழுக்க ரோஜா வளர்ப்பவர்கள் கண்டது. பூஞ்சை, நூற்புழு என்று பல காரணம் சேர்கிறது. குழி மண்ணை முழுக்க மாற்ற முடியாவிட்டால் ஒரு பருவம் துலுக்க சாமந்தி போடுங்கள், நூற்புழு குறையும். தண்ணீர்தான் காரணம் என்றால் அந்த இடத்தை நந்தியாவட்டைக்கோ அரளிக்கோ கொடுத்துவிட்டு, ரோஜாவைத் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீட்டில், கடலோரத்தில், ரோஜா வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதனால் எனக்குச் சில விற்பனை போகிறது, போகட்டும். சந்தேகம் இருப்பவர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, என்னைப் போல நர்சரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோஜாவை விற்கும்போது அது ஒட்டா, குச்சிக் கன்றா என்று சொல்லி விற்போம். ஒட்டு என்றால் முண்டைத் தொட்டுக் காட்டி, "இதுக்குக் கீழ வர்றதக் கிழிச்சு எடுத்துடுங்க, இத மண்ணுல மூடாதீங்க" என்று சொல்லிக் கொடுப்போம். களிமண் உருண்டையோடு வந்த செடியை அப்படியே கைமாற்றாமல், மண் மாற்றி ஒரு மாதம் வைத்திருந்து கொடுப்போம். வாங்குகிறவர் கடற்கரை வீட்டுக்காரர் என்று தெரிந்தால் முதலில் தண்ணீரைக் கேட்போம்.